கணுக்கால் காயமும் அதிர்வு குறைந்த உடற்பயிற்சிகளும்

தரையில் பாதம் மோதும் அதிர்வு இல்லாமல், அல்லது மிகக் குறைந்த அதிர்வோடு செய்யப்படும் பயிற்சிகள் அதிர்வு குறைந்த உடற்பயிற்சிகள் எனப்படுகின்றன. நீச்சல், நீரில் நடத்தல், நிலையாக நிறுத்திய மிதிவண்டியை மிதித்தல், நாற்காலியில் அமர்ந்தும் பாயில் படுத்தும் செய்யும் பயிற்சிகள் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. கணுக்காலிலோ பாதத்திலோ காயம்பட்ட ஒருவர், காயம் ஆறும் வாரங்களில் தம் இதயத்தின் திறனையும் தசைகளின் வலிமையையும் இழந்துவிடாமல் காத்துக்கொள்ள இவை உதவுகின்றன.

காலில் அடிபட்டால் "ஒரு மாதம் அசையாமல் கிட" என்பதே பெரும்பாலான வீடுகளில் கூறப்படும் அறிவுரை. அதில் பாதிதான் சரி. அடிபட்ட மூட்டுக்குச் சில நாள் ஓய்வு வேண்டும். ஆனால் மற்றக் காலுக்கும், இடுப்புக்கும், தோளுக்கும், இதயத்துக்கும் அந்த ஓய்வால் நன்மை எதுவும் இல்லை, இழப்பே உண்டு. பாதத்திலும் கணுக்காலிலும் நேரும் காயங்கள் பலவகை. அவற்றுள் மிகுதியாகக் காணப்படும் கணுக்கால் சுளுக்கே இக்கட்டுரையில் முதன்மையாக விளக்கப்படுகிறது. மற்றவை தேவையான இடங்களில் சுட்டப்படுகின்றன.

சுளுக்கு ஏற்படும் விதம்

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு நீள எலும்புகளின் அடிமுனைகள் ஒரு கவட்டையைப் போல் நிற்க, அதற்குள் பாதத்தின் மேல் எலும்பு பொருந்தியிருப்பதே கணுக்கால் மூட்டு. கணுக்காலின் இருபுறமும் புடைத்துத் தெரியும் எலும்பு முனைகள் அந்தக் கவட்டையின் இரு நுனிகளாகும். எலும்பை எலும்போடு கட்டிவைக்கும் வலுவான நார்களுக்குப் பிணையங்கள் என்று பெயர். தசையை எலும்போடு இணைப்பவை தசைநாண்கள். சுளுக்கு என்பது பிணையம் அளவுக்கு மீறி இழுபடுவது அல்லது கிழிவது.

பாதம் கீழ்நோக்கி நீண்டிருக்கும்போது கணுக்கால் மூட்டின் பிடிப்பு சற்றுத் தளர்ந்திருக்கும். கவட்டைக்குள் இருக்கும் எலும்பு முன்புறம் அகன்றும் பின்புறம் குறுகியும் இருப்பதே காரணம். அந்த நிலையில் பாதம் உட்புறமாக மடங்கினால், வெளிப்புறத்தில் உள்ள மூன்று பிணையங்களில் முன்னால் இருப்பது முதலில் அடிபடுகிறது. கைப்பந்து ஆட்டத்தில் எகிறி அடித்துவிட்டு மற்றவர் பாதத்தின் மேல் இறங்குவது, படியில் கடைசிப் படியைக் கவனிக்காமல் கால் வைப்பது, சாலையோரப் பள்ளத்தில் கால் பிசகுவது என்று காரணங்கள் வேறு வேறாக இருந்தாலும் மூட்டு மடங்கும் முறை பெரும்பாலும் இதுவே.

நார்கள் இழுபட்டு மட்டும் இருந்தால் முதல் நிலை, பாதி கிழிந்திருந்தால் இரண்டாம் நிலை, முற்றிலும் அறுந்திருந்தால் மூன்றாம் நிலை என்று மருத்துவர்கள் பிரிப்பர். முதல் நிலையில் ஓரிரு வாரங்களில் இயல்பாக நடக்க முடியும். மூன்றாம் நிலை ஆற மாதக்கணக்கில் ஆகும்.

முதல் சில நாள்கள்

சுளுக்கு என்றதும் தமிழ்நாட்டில் பலரும் முதலில் செய்வது எண்ணெய் தடவி நீவிவிடுவது, அல்லது உப்பும் புளியும் சேர்த்துக் காய்ச்சிச் சூடாகப் பற்றுப்போடுவது. முதல் இரண்டு மூன்று நாள்களில் இவை இரண்டுமே நல்லவை அல்ல. அடிபட்ட இடத்தில் நுண்ணிய குருதிக் குழாய்கள் கசிந்துகொண்டிருக்கும். அழுத்தி நீவுவதும் சூடு வைப்பதும் அந்தக் கசிவையும் வீக்கத்தையும் கூட்டும். அதைவிடப் பெரிய இடர், உள்ளே எலும்பு முறிந்திருக்கிறதா என்று தெரியாமலேயே வலித்து இழுப்பது. சுளுக்கு எடுப்பதில் கைதேர்ந்தவர் என்று ஊரில் பெயர் வாங்கியவராக இருந்தாலும், தோலுக்கு அடியில் இருக்கும் முறிவை விரலால் தடவி உறுதிசெய்ய முடியாது.

எலும்பு முறிவு இருக்கலாமா என்று கணிக்கக் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் ஓர் எளிய முறையை வெளியிட்டனர். ஒட்டாவா கணுக்கால் விதிகள் எனப்படும் இதை இன்றும் பல நாடுகளில் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பின்பற்றுகின்றனர். கணுக்காலின் உட்புற, வெளிப்புற எலும்பு முனைகளின் பின்விளிம்பிலோ நுனியிலோ அழுத்தினால் வலித்தாலும், பாதத்தின் வெளியோரத்தில் நடுவே புடைத்திருக்கும் எலும்பிலோ உள்வளைவின் மேற்பகுதி எலும்பிலோ அழுத்தினால் வலித்தாலும், அடிபட்டவுடனும் மருத்துவரிடம் வந்த பின்பும் நான்கு அடி எடுத்து வைக்க முடியாமல் போனாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்பதே அந்த விதிகளின் சாரம். நொண்டியபடி நடந்தாலும் நான்கு அடி நடந்ததாகவே கணக்கு. சிறுவர்களுக்கு எலும்பு வளரும் பகுதியில் அடிபட்டிருக்கலாம் என்பதால் அவர்களை மருத்துவரிடம் காட்டிவிடுவதே நல்லது.

1978இல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற நான்கு செயல்களை ஒரு சூத்திரமாகத் தொகுத்து எழுதினார். உலகம் முழுவதும் உடற்கல்வி ஆசிரியர்கள் மாணவர்களுக்குக் கற்பித்தது இதுதான். பின்னாளில் மிர்கினே பனிக்கட்டியும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று தம் கருத்தை மாற்றிக்கொண்டார். 2012இல் பிரித்தானிய விளையாட்டு மருத்துவ இதழில் வெளிவந்த கட்டுரை ஒன்று, "ஓய்வு" என்ற சொல்லை எடுத்துவிட்டு, தாங்கும் அளவுக்கு ஏற்ற சுமை என்பதை அதன் இடத்தில் வைத்தது. முதல் ஓரிரு நாள்கள் மூட்டைப் பாதுகாத்து, பிறகு சிறிது சிறிதாக அதற்கு வேலை கொடுக்க வேண்டும் என்பதே இன்று பரவலாக ஏற்கப்பட்டுள்ள முறை. பனிக்கட்டி வலியைக் குறைக்கும். துணியில் சுற்றி, ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் போதும்.

முழு ஓய்வால் நேரும் இழப்பு

1966இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் ஓர் ஆய்வு நடந்தது. இருபது வயதுள்ள, நல்ல உடல்நலம் கொண்ட ஐந்து இளைஞர்கள் மூன்று வாரம் படுக்கையிலேயே இருந்தனர். கழிப்பறைக்கும் நடந்து செல்லவில்லை. முடிவில் அவர்களுடைய உடல் உயிர்வளியைப் பயன்படுத்தும் உச்ச அளவு நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் மீண்டும் சோதித்தனர். முப்பது ஆண்டு முதுமை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டதைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை எடுத்துக்கொண்டது அதிகமாக இருந்தது.

சுளுக்கு வந்தவர் யாரும் அப்படிப் படுத்துக் கிடப்பதில்லை. ஆகவே இழப்பும் அந்த அளவுக்கு இருக்காது. ஆயினும் அது எந்தத் திசையில் செல்கிறது என்பதை இந்த ஆய்வு காட்டுகிறது. மாவுக்கட்டு பிரித்த அன்று தன் கெண்டைக்கால் சூம்பியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இளைஞர் ஒருவர் இழந்ததை இரண்டு மாதத்தில் மீட்டுவிடுவார். எழுபது வயதுப் பாட்டிக்கு ஒரு மாதம் கட்டிலில் கழிந்தால், அதன்பின் சுவரைப் பிடிக்காமல் எழுந்து நிற்பதே கடினமாகிவிடக்கூடும். கணுக்கால் ஆறியும் நடை திரும்பாமல் போவது இப்படித்தான்.

மற்றொரு செய்தி பலருக்கும் வியப்பளிக்கும். ஒரு பக்கத்துக் கைக்கோ காலுக்கோ பயிற்சி கொடுத்தால், பயிற்சி பெறாத மறுபக்கமும் ஓரளவு வலுப்பெறுகிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்டு ஸ்கிரிப்சர் என்பவர் 1894இலேயே இதைப் பதிவு செய்தார். தசையை இயக்கும் நரம்புக் கட்டளைகளில் ஏற்படும் மாற்றமே இதற்கு முதன்மைக் காரணம் என்று கருதப்படுகிறது. ஒரு கால் கட்டில் இருக்கும்போது நல்ல காலுக்கு வலிமைப் பயிற்சி கொடுப்பது, கட்டில் இருக்கும் கால் மெலிவடைவதையும் ஓரளவு தடுக்கும்.

உலக நலவாழ்வு அமைப்பின் 2020 வழிகாட்டுதலின்படி வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், வாரத்தில் இரண்டு நாளேனும் தசை வலிமைப் பயிற்சியும் செய்ய வேண்டும். இந்த நிமிடங்களை நடந்துதான் நிறைவு செய்ய வேண்டும் என்று எங்கும் கூறப்படவில்லை. மிதமான உழைப்பை அறிய ஓர் எளிய வழி உண்டு: பயிற்சியின்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது.

நீரில் செய்யும் பயிற்சிகள்

நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைவிடச் சற்று மிகுதியான விசை பாதத்தில் விழுகிறது. ஓடும்போது அது இரண்டு, மூன்று மடங்காகிறது. 60 கிலோ எடையுள்ளவர் ஓடினால் ஒவ்வொரு முறை கால் ஊன்றும்போதும் 120 முதல் 180 கிலோ எடைக்கு இணையான சுமையை அந்தக் கணுக்கால் தாங்குகிறது.

நீருக்குள் இறங்கியதும் இந்தக் கணக்கு மாறிவிடும். பள்ளியில் படித்த ஆர்க்கிமிடீசின் மிதத்தல் விதியே காரணம். இடுப்பளவு நீரில் நிற்பவரின் கால்களில் ஏறக்குறையப் பாதி எடையே விழும். மார்பளவு நீரில் மூன்றில் ஒரு பங்கு. கழுத்தளவு நீரில் பத்தில் ஒரு பங்கு. அதே 60 கிலோ மனிதர் கழுத்தளவு நீரில் 6 கிலோவாகத் தரையை மிதிக்கிறார். எனவே ஆழத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வந்தால், காலின் சுமையைப் படிப்படியாகக் கூட்டலாம். முதல் வாரம் கழுத்தளவு நீரில் நடந்தவர் அடுத்த வாரம் மார்பளவிலும், பிறகு இடுப்பளவிலும் நடக்கலாம். தரையில் இவ்வளவு நுட்பமாகச் சுமையை அளந்து கொடுப்பது கடினம். நீர் நாற்புறமும் தடுப்பதால் தசைகளுக்கும் நல்ல வேலை கிடைக்கிறது. நீரின் அழுத்தம் வீக்கம் வடிவதற்கும் துணைசெய்கிறது.

ஓட்டப்பந்தய வீரர்கள் ஆழ்நீர் ஓட்டம் என்ற பயிற்சியைச் செய்கின்றனர். இடுப்பில் மிதவைப் பட்டை கட்டிக்கொண்டு, பாதம் தரையைத் தொடாத ஆழத்தில் நின்ற வாக்கில் ஓடுவதைப் போல் கை கால்களை இயக்குவது அது. மூச்சும் இதயத் துடிப்பும் நன்றாக உயரும். கணுக்காலில் மோதல் இராது. சில வாரங்கள் இதை முறையாகச் செய்தவர்கள் தம் ஓட்டத் திறனைப் பெருமளவு தக்கவைத்துக்கொள்கிறார்கள்.

நீச்சல் தெரிந்தவர்கள் தொடைகளுக்கு நடுவே ஒரு மிதவையை இடுக்கிக்கொண்டு கைகளால் மட்டும் நீந்தலாம். தவளை நீச்சல் மட்டும் தொடக்கத்தில் கூடாது. அதில் பாதத்தை வெளிப்புறமாகத் திருப்பி உதைக்க வேண்டியிருப்பதால் கணுக்காலில் இழுப்பு விழும். குளக்கரையின் ஈரத் தளம் மற்றோர் இடர். நீருக்குள் ஒரு மணி நேரம் பத்திரமாக இருந்தவர் வெளியே வரும் வழியில் வழுக்கி விழுவதுண்டு. மாவுக்கட்டு, தையல், திறந்த புண் இருப்பவர்கள் நீரில் இறங்கவே கூடாது. கிணறும் பாசி பிடித்த படித்துறையும் நொண்டும் காலுக்கு ஏற்ற இடங்கள் அல்ல.

நாற்காலியிலும் பாயிலும்

நீச்சல்குளம் எல்லா ஊரிலும் இல்லை. இருந்தாலும் எல்லாருக்கும் கட்டுப்படியாவதில்லை. அதனால் கவலைப்பட வேண்டாம். கை இல்லாத, ஆடாத ஒரு நாற்காலியும் ஒரு பாயும் போதும்.

அமர்ந்தபடி இரு கைகளாலும் காற்றில் வேகமாகக் குத்துதல், தலைக்கு மேல் எடை தூக்குதல், இலேசான கர்லாக்கட்டையைச் சுழற்றுதல் ஆகியவை இதயத் துடிப்பை உயர்த்தும். எடைக்குத் தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் புட்டிகளைப் பயன்படுத்தலாம். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ என்பதால் அளவும் தெளிவாகத் தெரியும். ஒரு நிமிடம் விரைவாகச் செய்து ஒரு நிமிடம் மெதுவாகச் செய்வது என்று மாற்றி மாற்றி இருபது நிமிடம் செய்தால் வியர்த்துவிடும். ஒரே அளவு வேலையைக் காலால் செய்வதைவிடக் கையால் செய்யும்போது இரத்த அழுத்தம் கூடுதலாக உயரும். ஆகவே உயர் இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது. எடையைத் தூக்கும்போது மூச்சை அடக்குவது எல்லாருக்குமே தீங்கானது.

பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்காமல் காலை ஓர் அடி உயர்த்தி இறக்குவது தொடைக்கு வலுவூட்டும். ஒருக்களித்துப் படுத்து மேற்காலை உயர்த்துவது இடுப்பின் பக்கத் தசைகளுக்கானது. இத்தசைகளைப் பலர் கவனிப்பதில்லை. இடுப்பு உறுதியாக இல்லாவிட்டால் கால் ஊன்றும் கோணம் பிசகும்; பிசகிய கால் மறுபடியும் மடங்கும். நல்ல காலை மடக்கி ஊன்றி இடுப்பை மேலே தூக்குவதும், முழங்காலை ஊன்றித் தண்டால் எடுப்பதும் இந்த வரிசையில் சேரும். வழக்கமான தண்டாலில் கால்விரல்களில் எடை விழும் என்பதால் அது பின்னர்தான்.

யோகாசனம் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சம்மணமிட்டு அமரும்போது பாதம் கீழ்நோக்கி நீண்டு உட்புறமாக மடங்குகிறது. சுளுக்கு ஏற்பட்டதும் ஏறக்குறைய இதே நிலையில்தான். அத்துடன் வெளிக்கணு தரையில் அழுந்துகிறது. வச்சிராசனத்திலும் கணுக்காலின் முன்புறம் முழுவதும் இழுபடும். வீக்கம் வடியும்வரை இவ்விரண்டையும் தவிர்த்து, சாப்பிடவும் நாற்காலியில் அமர்வது நல்லது. தரைமட்டக் கழிப்பறையில் குந்துவதும் இதே வகையான தொல்லை தரும்.

மிதிவண்டி

நிலையாக நிறுத்திய மிதிவண்டியில் பாதம் மிதியை விட்டு எழும்பி மோதுவதில்லை. எடையை இருக்கை தாங்கிக்கொள்கிறது. வலியின்றி நிற்க முடிகிற நிலை வந்ததும் இதைத் தொடங்கலாம். விரல்களின் அடிப்பகுதியால் மிதிக்காமல் பாதத்தின் நடுப்பகுதியால் மிதித்தால் கணுக்காலுக்கும் குதிகாலின் பின்னுள்ள நாணுக்கும் வேலை குறையும். எதிர்ப்பு இல்லாமல் பத்து நிமிடத்தில் தொடங்கி, சில நாளுக்கு ஒரு முறை ஐந்து ஐந்து நிமிடமாகக் கூட்டுவது ஏற்றது.

சாலையில் ஓட்டும் மிதிவண்டி இதற்கு ஈடாகாது. குறுக்கே நாய் ஓடினால் அடிபட்ட காலைத்தான் சட்டென்று ஊன்ற வேண்டிவரும்.

ஊன்றுகோலும் செருப்பும்

ஊன்றுகோலில் நடப்பதே கடுமையான உழைப்பு. அதைப் பலரும் தவறாகப் பிடிப்பதால் தோளும் மணிக்கட்டும் வலிக்கின்றன. அக்குளுக்கும் கோலின் மேல்முனைக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். எடையை உள்ளங்கைகள் தாங்க வேண்டும். அக்குளில் தொங்கினால் கைக்குச் செல்லும் நரம்புகள் அழுந்திக் கை மரத்துப்போகும். ஒற்றைக் கைத்தடிக்கு மாறிய பின், அதை அடிபட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது கோலும் அடிபட்ட காலும் முதலில்.

வீட்டில் தளர்ந்த ரப்பர் செருப்போடு ஈரத் தரையில் நடப்பதைவிடப் பின்வார் உள்ள செருப்பு பாதுகாப்பானது.

கணுக்காலை மீட்கும் பயிற்சிகள்

இதுவரை கூறியவை உடலின் மற்றப் பகுதிகளைக் காப்பவை. கணுக்காலுக்கென்றே செய்ய வேண்டியவையும் உண்டு. எலும்பு முறிவு இல்லை என்று உறுதியான பின், இரண்டு மூன்று நாளிலேயே இவற்றைத் தொடங்கலாம்.

காலை நீட்டி உட்கார்ந்து, பெருவிரலை எழுதுகோலாக எண்ணிக் காற்றில் எழுத்துகளை எழுதுவது முதல் பயிற்சி. ஆங்கிலப் பெரிய எழுத்துகளை எழுதச் சொல்வது இயன்முறை மருத்துவர்களின் வழக்கம். தமிழ் எழுத்துகளுக்கு வளைவு அதிகம் என்பதால் அ, இ, ஞ, ண போன்றவற்றை எழுதினால் மூட்டு எல்லாத் திசையிலும் திரும்பிவிடும். உயிரெழுத்துகள் பன்னிரண்டும் ஒரு சுற்று என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, பழைய மிதிவண்டி டியூபை வெட்டி எடுத்த பட்டையைப் பாதத்தில் மாட்டி, அதன் இழுப்புக்கு எதிராகப் பாதத்தை நான்கு திசையிலும் நகர்த்துவது. வெளிப்புறமாக நகர்த்துவதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். பாதம் உள்ளே மடங்குவதைத் தடுத்து நிறுத்துபவை கெண்டைக்காலின் வெளிப்புறத் தசைகளே. பின்னர் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்க வேண்டும்; முதலில் இரு காலிலும், பிறகு ஒரு காலில்.

எல்லாவற்றிலும் தவறவிடக்கூடாதது சமநிலைப் பயிற்சி. பிணையங்கள் வெறும் கயிறுகள் அல்ல. மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை மூளைக்குத் தெரிவிக்கும் நரம்பு முனைகளும் அவற்றில் உள்ளன. நார் கிழியும்போது அந்தச் செய்தித் தொடர்பும் குலைகிறது. 1965இல் லண்டனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் மைக்கேல் ஃபிரீமன் இதைச் சுட்டிக்காட்டி, ஆடும் பலகையில் நிற்கும் பயிற்சியைப் பரிந்துரைத்தார். வலி போய்விட்டது என்று ஆடச் சென்றவருக்கு அதே கால் மறுபடி மறுபடி மடங்குவதற்கு இந்தக் குறையே பெரும்பாலும் காரணம். பலகை இல்லாதவர்கள் காலையில் பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கலாம். முப்பது நொடி ஆடாமல் நிற்க முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டும், பிறகு மடித்த போர்வையின் மேலும் நிற்க வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் சுவர் இருக்கட்டும்.

பயிற்சியின்போது இலேசான வலி இருக்கலாம். பத்துக்கு மூன்று என்ற அளவைத் தாண்டக்கூடாது. மறுநாள் காலையில் முந்தைய நாளைவிட வலியோ வீக்கமோ கூடியிருக்கக் கூடாது. வீக்கத்தை அறிய ஒரு நூலைக் கணுக்காலைச் சுற்றி எட்டு என்ற எண்ணின் வடிவில் வைத்து நாள்தோறும் அளந்து குறித்துவைக்கலாம். நூலின் நீளம் கூடினால் முந்தைய நாள் செய்தது அதிகம் என்று பொருள்.

வேறு காயங்களும் எச்சரிக்கைகளும்

காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்தி வலிப்பது உள்ளங்கால் சவ்வின் பாதிப்பு. இதற்குக் கெண்டைக்காலையும் உள்ளங்காலையும் இழுத்துவிடும் பயிற்சிகளோடு நீச்சலும் மிதிவண்டியும் பொருந்தும். பின்னால் யாரோ உதைத்தது போன்ற உணர்வோடு "டப்" என்று சத்தம் கேட்டு, அதன்பின் நுனிக்காலில் நிற்க முடியாமல் போனால் குதிநாண் அறுந்திருக்கக்கூடும். அப்போது எந்தப் பயிற்சியும் செய்யாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் நுண்ணிய பிளவு ஏற்படுவது அழுத்த முறிவு. பி. வி. சிந்து 2022 ஆகஸ்டில் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் இறகுப்பந்து ஒற்றையர் தங்கம் வென்றபோது அவரது இடது காலில் இத்தகைய முறிவு இருந்தது. அதே மாதம் டோக்கியோவில் நடந்த உலக வாகையர் போட்டியிலிருந்து அவர் விலகினார். 2023 சனவரியில்தான் மீண்டும் பன்னாட்டுப் போட்டிக்கு வந்தார். உயர்தர மருத்துவமும் பயிற்சியாளர்களும் சூழ இருந்த ஒருவருக்கே ஐந்து மாதம் ஆயிற்று. மாவட்டப் போட்டி நெருங்குகிறது என்பதற்காகப் பதினைந்தே நாளில் களத்தில் இறக்கப்படும் மாணவருக்கு என்ன ஆகும் என்பதைப் பள்ளிகள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நீரிழிவு நோயாளிகளுக்கு வலியை அளவுகோலாகக் கொள்ளும் முறை பொருந்தாது. பாத உணர்ச்சி குறைந்திருந்தால், முறிந்த எலும்போடும் அவர்கள் நடந்துகொண்டிருப்பார்கள். பாதம் சிவந்து, வெதுவெதுப்பாகி, வீங்கியிருந்தும் வலி அதிகம் இல்லை என்றால் அது நல்ல அறிகுறி அல்ல. அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வெந்நீரில் கால் வைப்பதும் அவர்களுக்கு ஆபத்து. மாவுக்கட்டு போட்டவர்களுக்கு விரல்கள் நீலம் பாரித்தாலோ மரத்தாலோ கட்டு இறுக்கமாக இருக்கிறது என்று பொருள். கட்டிய காலின் கெண்டைச்சதை வீங்கி வலித்தால், குறிப்பாக மூச்சுத்திணறலும் சேர்ந்தால், இரத்தக்கட்டி உருவாகியிருக்கலாம். இது உயிருக்கே இடர் தருவது.

மீண்டும் ஓடுதல்

எத்தனை வாரம் ஆயிற்று என்பதைவிடக் கால் என்ன செய்கிறது என்பதைப் பார்த்தே ஓடத் தொடங்க வேண்டும். சுவருக்கு எதிரே நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொட்டுப் பார்க்கலாம். பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள அதிகபட்ச இடைவெளி இரு காலிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். குதிகால் எழாமல் தோப்புக்கரணம் போட முடிகிறதா என்பதும் இதே சோதனைதான். அடிபட்ட ஒற்றைக் காலில் நின்று இருபது முறை குதிகாலை உயர்த்த முடிய வேண்டும். அரை மணி நேரம் விரைவாக நடந்தபின் வீக்கம் வரக்கூடாது.

இவை நிறைவேறினால் ஒரு நிமிட மென்னோட்டமும் இரண்டு நிமிட நடையுமாக மாறி மாறித் தொடங்கலாம். தாவிக் குதிக்கும் ஆட்டங்களுக்குத் திரும்புமுன் ஒற்றைக் காலில் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் தாவிப் பார்க்க வேண்டும். தரையில் கட்டம் கிழித்துப் பாண்டி ஆடிப் பார்ப்பது இதற்கு மிகவும் பொருத்தமானது. தாவுதல், ஒற்றைக் காலில் நிற்றல், குனிந்து சில்லை எடுத்தல், திரும்புதல் ஆகிய நான்கும் அதில் வந்துவிடுகின்றன. ஒரு முறை சுளுக்கிய கணுக்காலுக்கு அடுத்த சில மாதங்கள், விளையாடும் நேரத்தில் மட்டும், கயிறு கட்டி இறுக்கும் வகையிலான கணுக்கால் காப்புறையை அணிவது மீண்டும் சுளுக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது. சமநிலைப் பயிற்சியை அந்த மாதங்களிலும் தொடர வேண்டும். காப்புறை அதற்கு மாற்றாகாது.